நெட்டையருக்கு விழுந்த சிரிப்புகள்

1985இல் நாங்கள் புலம்பெயர்ந்த நாட்டில், டோர்செட் பார்க் என்ற பகுதியில் ஓர் அடுக்குமாடியின் ஏழாம் மாடியில் இருந்தோம். லிஃப்ட் பழுதானால் தொண்ணூற்றாறு படிகள். எனக்கு வேலை கிடைக்காத காலம் அது. ஆகவே எண்ணுவதற்கு நேரம் இருந்தது.

வியாழக்கிழமை மாலைகளில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு நகைச்சுவைத் தொடர் போகும். அதில் இரண்டு நடிகர்கள்: ஒருவர் நெட்டையர், மற்றவர் கட்டையர். இருவரும் ஒரே மேடையில் தொடங்கியவர்கள் என்று எங்கோ வாசித்திருந்தேன். யார் முன்னுக்கு வருவார் என்பதில் எனக்கும் எட்டாம் மாடியில் இருந்த மட்டக்களப்பு நண்பருக்கும் ஓயாத வாதம். நான் நெட்டையர் பக்கம், அவர் கட்டையர் பக்கம்.

நான் வெறும் வாயால் வாதிடுகிறவன் அல்ல. கொப்பி வைத்து, யாருடைய பேச்சுக்குப் பின்னணியில் எத்தனை சிரிப்பு விழுகிறது என்று கோடு போட்டேன். பெரிய சிரிப்புக்கு ஒரு கோடு, சின்னச் சிரிப்புக்கு அரைக்கோடு. விழுந்தது பெரியதா சின்னதா என்று தீர்மானிப்பதற்குள் அடுத்த பகிடி போய்விடும். அந்தத் தொடரைப் பார்த்து நான் ஒருநாளும் சிரித்ததில்லை.

அடுத்த வருடத் தொடக்கத்தில் கட்டையர் திரையில் இருந்து காணாமல் போனார்.

"முடிஞ்சுது உங்கட ஆளின்ர கதை," என்றேன் நண்பரிடம். "சனத்துக்கு முன்னால நிக்க ஏலாதவனுக்கு எதிர்காலம் இல்லை."

இதை நான் கட்டையருக்காக மட்டும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் இருபத்தாறு வருடம் கணித ஆசிரியராக இருந்தவன் நான். இங்கே முப்பத்துநான்கு பள்ளிக்கூடங்களுக்கு விண்ணப்பம் போட்டேன், முப்பத்துநான்கும் வருந்தின. நண்பர் ஒரு ஜன்னல் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். அங்கே சாமான் அறைக்கு ஆள் தேடினார்கள். பிணைச்சல் எத்தனை வந்தது, ஆணி எத்தனை போனது என்று எழுதுகிற வேலை. "உங்களுக்கெண்டே செஞ்ச வேலை மாஸ்டர்," என்றார். நாற்பது பேருக்கு முன்னால் நின்றவன் பின்னறையில் ஆணி எண்ணுவதா என்று மறுத்துவிட்டேன்.

என் மனைவி அப்போது பேக்கரி ஒன்றில் பாண் பொதி செய்தாள். காலையில் ஒரு ஷிஃப்ட், மாலையில் ஒன்று; வியாழன் மாலை மட்டும் ஓய்வு. கால்கள் வீங்கியிருக்கும். நான் ஒரு வேலைக்குப் போனால் அவள் ஒன்றை விடலாம். எல்லாக் கணக்கும் வந்த எனக்கு இந்தக் கணக்கு மட்டும் வரவில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் ஒரு வியாழக்கிழமை நண்பர் அதே வேலையைச் சொல்லிக்கொண்டு மறுபடியும் வந்தார். "நாளைக்குள்ள முடிவு சொல்லணும் மாஸ்டர். இல்லாட்டி வேற ஆளை எடுத்திருவாங்க."

"தொடர் முடியட்டும்," என்றேன்.

முடிந்ததும் தொலைக்காட்சியை அணைக்க எழுந்தேன். ஊர்த் தியேட்டர்களில் பெரிய பெயர்கள் எல்லாம் படத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடும். கடைசியில் 'வணக்கம்' விழுந்தால் சனம் எழும்பிவிடும். முடிவில் ஓடும் பெயர்கள் விளக்குப் பிடித்தவர்களுடையவை என்று நம்பி, அதுவரை எழுபத்துமூன்று தடவை அணைத்திருந்தேன்.

"பொறுங்க மாஸ்டர், இரிங்க," என்று நண்பர் குறுக்கே நின்றார்.

பெயர்கள் ஓடின. கட்டையரின் பெயர் தனியாக வந்து நின்றது. எழுத்து அவர், தயாரிப்பும் அவர்.

"இது எப்ப தொடக்கம்?"

"ஆள் காணாமப் போன கிழமையில இருந்துதான். எங்கட வேலையிடத்தில எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்க கொப்பியை நீட்டக்குள்ள குறுக்க பேச ஏலுமா?"

கொப்பியைத் திறந்தேன். கட்டையர் போன பிறகு நெட்டையருக்கு விழுந்தவை அறுநூற்றுப் பதினொன்றரைச் சிரிப்புகள். அத்தனையும் பிழையான பக்கத்தில் கிடந்தன. எழுதியவருக்குப் பாதி, பேசியவருக்குப் பாதியா? அல்லது மூன்றில் இரண்டா? பென்சிலைத் தேடினேன்.

வெந்நீர் வாளிக்குள் காலை வைத்தபடி சோபாவில் இருந்த மனைவி சொன்னாள்: "இஞ்சருங்கோ, சிரிப்பை ஆருக்கெண்டாலும் பிரிச்சுக் குடுங்கோ. வேலைக்குப் போறியளோ இல்லையோ? அதைச் சொல்லுங்கோ."

"யோசிச்சு..."

"ரெண்டு வருசமா யோசிக்கிறியள்."

நண்பர் முகட்டைப் பார்த்தார்.

"போறன்," என்றேன். என் குரலில் பெரிய தியாகம் தொனிக்க வேண்டும் என்று முயன்றேன். இருவரும் கவனிக்கவில்லை. திங்கட்கிழமையில் இருந்து தான் மாலை ஷிஃப்டுக்கு வரப்போவதில்லை என்று பேக்கரியில் எப்படிச் சொல்வது என்பதை அவள் அவரோடு பேசத் தொடங்கியிருந்தாள்.

அந்தப் பின்னறையில் பதினொரு வருடம் இருந்தேன். நான் உள்ளே நுழையும்போது ஒருவரும் எழும்பி நின்றதில்லை. முதல் கிழமை அதற்காக வாசலில் கொஞ்சம் தாமதித்துப் பார்த்தது உண்மை.