அண்ணி எண்ணிய புழுக்கள்

என் மடிக்கணினியில் நெளிந்துகொண்டிருந்த புழுவை அண்ணி முதன்முதலில் பார்த்த மாலை அப்படியே நினைவிருக்கிறது. மலையிலிருந்து இறங்கி வந்தவர், ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி என் பின்னால் நின்றார். திரையில் நீல வெளிச்சம் விழுந்தது. முன்னே போய்க்கொண்டிருந்த புழு சட்டென்று பின்வாங்கியது. "இது யாரு சொல்லிப் பின்னாடி போகுது?" என்று கேட்டார். இரண்டு வருடமாக நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த கேள்வியே அதுதான்.

அது ஊரடங்குக் காலம். பல்கலைக்கழகத்தை மூடிவிட்டதால், ஹார்ட் டிஸ்க் நிறையப் புழு வீடியோப் படங்களோடு கந்தப்பளைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுக்கு வந்திருந்தேன். தேயிலைக்கு மட்டும் ஊரடங்கு கிடையாது. அண்ணனின் மனைவியான இவர் தினமும் கொழுந்தெடுக்கப் போய்வந்தார்.

என் புழுக்கள் ஒரு மில்லிமீட்டர் நீளம். கண்ணாடி போன்ற உடம்பு. உடம்பு முழுக்க முந்நூற்றிரண்டே நரம்புச் செல்கள். அவற்றில் நமக்கு வேண்டிய செல்லில் மட்டும், பாசியிலிருந்து எடுத்த ஒளியுணரும் புரதம் ஒன்றை உருவாகச் செய்யலாம். பிறகு நீல ஒளியைப் பாய்ச்சினால் அந்தச் செல் விழித்துக்கொள்ளும். புழு என்ன செய்கிறது என்று பார்த்தால், அந்தச் செல்லின் வேலை என்னவென்று தெரிந்துவிடும். ஊசி இல்லை, கத்தி இல்லை, வெறும் வெளிச்சம். இதை விளக்கத் தொடங்கினால் எனக்குப் பசிகூடத் தெரியாது. ஒரு நிபந்தனை உண்டு. வைட்டமின் ஏ-யின் உறவுப் பொருள் ஒன்றைத் தீனியில் கலந்து கொடுத்தால்தான் அந்தப் புரதம் வேலை செய்யும். அதனால் பாதிப் புழுக்களுக்கு அதைக் கொடுத்து, மீதிக்குக் கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்ப்போம். அதைத் தின்றவை அதிகம் பின்வாங்குகின்றன என்று எண்ணி எழுதியிருந்தேன்.

என் பேராசிரியை அதை ஏற்கவில்லை. எது எந்தப் புழு என்று தெரிந்துகொண்டே எண்ணியிருக்கிறாய், ஆசை உன் கண்ணை இழுத்திருக்கும் என்றார். எதுவும் தெரியாத ஒருவர் எண்ண வேண்டும். அப்போதும் வித்தியாசம் வராவிட்டால் இந்த ஆய்வை விட்டுவிட்டு வேறு தலைப்புக்குப் போ என்றார். இரண்டு வருட உழைப்பு. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அண்ணியிடம் சொல்லிப் புலம்பினேன்.

அவர் என் பக்கம் பேசவில்லை. "அந்தம்மா சொல்றது நியாயந்தானே பாப்பா. கொழுந்து எடுத்தவளே நிறுக்கவும் செஞ்சா யாரு நம்புவாங்க? அதே மாதிரி, கண்டாக்கு மட்டும் தராசப் பாத்தா நாங்க நம்புவோமா?" என்றார். கண்டாக்கு என்பவர் மலையில் வேலையை மேற்பார்ப்பவர். கொழுந்து நிறுப்பதும் அவர் முன்னிலையில்தான். முள் எல்லோருக்கும் தெரியும்படி தராசைத் திருப்பி வைக்கச் சொல்லி, அந்த மலையே கேட்கச் சண்டை போட்டவர் அண்ணி. எனக்கு மூன்று முறை படித்தும் உறைக்காத விஞ்ஞான விதி அவருக்கு அரை நிமிடத்தில் விளங்கிவிட்டது.

படங்களின் பெயர்களை மாற்றி வெறும் எண்களாக்கினேன். புழு பின்வாங்கினால் ஒரு கோடு போடச் சொல்லி அண்ணியிடமே ஒரு கொப்பியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். "நீ இங்கன நிக்காத. ஒன் மூஞ்சியே எல்லாத்தையும் சொல்லிடும். போயி சோத்தப் பாரு" என்று விரட்டிவிட்டார். வேலை முடிந்து வந்த மாலைகளிலும் ஞாயிறுகளிலும் அவர் எண்ணினார்; நான் சோற்றைக் குழையவிட்டும் பருப்பைக் கருகவிட்டும் அண்ணனிடம் பேச்சு வாங்கினேன்.

கொப்பி கைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, எந்த எண் எந்தப் புழு என்று நான் எழுதி வைத்திருந்த பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பின்வாங்குவதில் வித்தியாசமே இல்லை. நீல ஒளி எந்தப் புழுவுக்கும் பிடிக்காது. அதனால் எல்லாமே பின்வாங்கியிருக்கின்றன. என் கண்டுபிடிப்பு வெறும் ஆசைதான். கொப்பியை மூடப்போனபோதுதான் ஓரத்தில் சின்னச் சின்னக் கொக்கிகள் வரைந்திருப்பதைக் கவனித்தேன்.

"இது என்னங்க அண்ணி?"

"அது நீ கேக்காதது. லைட்டு அணைஞ்ச பொறகு சில புழு வாலத் தொடுற மாதிரி வளைஞ்சு அப்படியே திரும்பிப் போகுது. சும்மா விட மனசு வரல, போட்டு வச்சேன்."

கொக்கிகளைப் பட்டியலோடு ஒப்பிட்டேன். அவை அத்தனையும், ஒன்று தவறாமல், அந்தப் பொருளைத் தின்ற புழுக்களின் படங்களில்தான் இருந்தன. ஒளி எரியும்போது மட்டுமே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அணைந்ததும் அடுத்த படத்துக்குத் தாவிவிடுவேன். அந்தச் செல் பேசியதோ வெளிச்சம் போன பிறகு. அப்போதெல்லாம் தண்ணீர்த் தொட்டி மேட்டில்தான் சிக்னல் கிடைக்கும். செருப்புக்கூடப் போடாமல் அங்கே ஓடிப்போய்ப் பேராசிரியையை அழைத்தேன். மூச்சிரைப்பில் நான் சொன்னது அவருக்கு முதலில் விளங்கவேயில்லை. விளங்கியதும், இன்னொரு முறை சொல் என்றார். என் வாழ்க்கையில் நான் தோற்றுச் சந்தோஷப்பட்ட ஒரே நாள் அது.

பல்கலைக்கழகம் திறந்ததும் புதுப் புழுக்களை வைத்து மறுபடி செய்தோம். அதே வளைவு, அதே நேரத்தில். என் பட்டம் அதில்தான் கிடைத்தது. ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் அண்ணியின் பெயருக்குப் பக்கத்தில் 'கொழுந்து எடுப்பவர்' என்று எழுதினேன். வேறு பதவி போடலாமே என்று ஒருவர் சொன்னார். நான் மாற்றவில்லை.

இப்போது எங்கள் ஆய்வகத்தில் கணினியே எண்ணிவிடுகிறது. போன வாரம் ஒரு ஆசையில், அண்ணி எண்ணிய பழைய படங்களை அதற்குக் கொடுத்துப் பார்த்தேன். மூன்று இடங்களில் மட்டும் இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லை. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இரண்டில் கணினிதான் தவறு. ஒரு புழுவின் மேல் இன்னொன்று ஏறியதும் குழம்பிப்போயிருந்தது. மூன்றாவதில் அண்ணி ஒரு வளைவைத் தவறவிட்டிருந்தார். இத்தனை வருடம் கழித்து இதைச் சொன்னால் சிரிப்பார் என்று நினைத்து அழைத்தேன். மலையில் சாப்பாட்டு நேரம். பெண்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"எந்தப் படம்?"

எண்ணைச் சொன்னேன்.

"அத எனக்கு அனுப்பு பாப்பா. நான் பாக்காம ஒத்துக்க மாட்டேன்."

அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.