டேங்க் நிரம்பியதால் நின்றுபோன வண்டி: உத்திரமேரூரிலிருந்து தாமல் ஏரிக்கு

ஊர் சுற்றிப் பார்க்க நான் கிளம்பவில்லை. வேலையில் சேரப் போனேன். இருந்தாலும், வீட்டில் கிடக்கும் பழைய கியர் வண்டியைச் சரிசெய்து முதல்முறையாக ஐம்பது கிலோமீட்டர் போக நினைக்கும் யாருக்காவது உதவும் என்று இதை எழுதுகிறேன். போனது இந்த வருடம், பொங்கல் முடிந்த அடுத்த திங்கட்கிழமை. வழி: எங்கள் ஊர், உத்திரமேரூர், மாகரல், காஞ்சிபுரம், தாமல்.

வேதியியல் படித்து முடித்துவிட்டு எட்டு மாதமாக வீட்டில் இருந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் அடுத்து என்ன செய்வது என்று கேட்க வீட்டில் யாரும் இல்லை. வெளியில் கேட்க எனக்கு வாய் வராது. காலையில் பேருந்து போகும் சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்கு வருவேன். அது போனதும் உள்ளே போவேன். ஏன் வந்தேன் என்று எனக்கே தெரியாது.

காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஏரிகளிலும் போர்வெல்களிலும் தண்ணீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பும் ஆறு மாத வேலை ஒன்று இருப்பதாகத் தோழி சொன்னாள். விண்ணப்பித்தேன். போனில் பேசிய மேடம் மூன்றே கேள்விகள் கேட்டார். மூன்றாவது, டூவீலர் இருக்கிறதா என்பது. தினமும் ஊர் ஊராகப் போகும் வேலை, முதல் நாளே வண்டியோடு வர வேண்டும், இல்லையென்றால் பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவேன் என்றார். "இருக்கு மேடம்" என்றேன்.

இருந்தது உண்மைதான். ஆட்டுக் கொட்டகையில், தார்ப்பாய்க்குக் கீழே இருந்தது. ஓடவில்லை. எனக்கு ஓட்டவும் தெரியாது. கல்லூரியில் படிக்கும்போது டிரைவிங் ஸ்கூல்காரர் வண்டியில் ஒரே ஒரு எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கியதோடு சரி. கையில் பத்தொன்பது நாள் இருந்தது.

வண்டி அப்பாவுடையது. நூறு சிசி, கிக்கர் மட்டும்தான். ஒரு வருடம் ஓடிய வண்டியாக வாங்கி ஒன்பது வருடம் ஓட்டினார். பிறகு ஒரகடம் பக்கம் செக்யூரிட்டி வேலை கிடைத்து அங்கேயே தங்கிவிட்டதால், மூன்றரை வருடமாக வண்டி நின்றது. போன் செய்து கேட்டபோது, எடுத்துக்கொள், ஆனால் கிக்கர் திருப்பி அடிக்கும், முட்டியைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னார்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். ஏழு கிலோமீட்டர் தள்ளி எங்கள் ஊருக்கு வர அவருக்கு நேரமில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு போக எனக்குத் தெம்பில்லை. கடைசியில், நான் படம் எடுத்து அனுப்புவது, அவர் டீ குடிக்கும் நேரத்தில் வாய்ஸ் மெசேஜில் பதில் சொல்வது என்று முடிவானது. முதல் மெசேஜ் இன்னும் என் போனில் இருக்கிறது: "ஒவ்வொண்ணயும் ஃபோட்டோ எடுத்துக்கினே கழட்டு. மாட்டி முடிச்சப்புறம் ஒரு ஸ்க்ரூ மீதி கீதுன்னு மட்டும் எனக்கு ஃபோன் பண்ணாத."

ஒரு ஸ்க்ரூ மீதி வந்தது. நான் போன் செய்யவில்லை. மறுபடி எல்லாவற்றையும் கழற்றி அதன் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு பகல் போனது.

ஸ்பார்க் பிளக், கிளட்ச் கேபிள், இரண்டு டியூப், இன்ஜின் ஆயில், கார்புரேட்டருக்கு வாஷர் செட் எல்லாமாகச் சேர்த்து 1,640 ரூபாய். கார்புரேட்டர் என்பது பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் பகுதி. அதன் அடியில் சின்னக் கிண்ணம் ஒன்று, அதற்குள் ஊசி முனை அளவு ஓட்டையோடு ஜெட் என்ற பித்தளைத் துண்டு. அந்த ஓட்டை அடைத்தால் வண்டி ஓடாது. அதைச் செம்புக் கம்பியால் குத்தி வாயால் ஊதிச் சுத்தம் செய்தேன். டேங்கில் மிஞ்சிக் கிடந்த பழைய பெட்ரோலை வடித்துவிட்டு உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். அடிப்பாகம் சுத்தமாக இருந்தது. ஒரு லிட்டர் ஊற்றினேன். அடிப்பாகத்தை மட்டும் பார்த்தேன் என்பதை நினைவில் வையுங்கள்.

பன்னிரண்டாம் நாள் அம்மா அறுவடை வேலை முடிந்து வந்ததும் வண்டியை நெல் காயவைக்கும் சிமெண்ட் களத்துக்குக் கொண்டு போனோம். கிக்கரில் எடுக்கவில்லை. அம்மா பின்னாலிருந்து தள்ள, நான் இரண்டாவது கியரில் கிளட்ச்சை விட வேண்டும் என்று ஏற்பாடு. எட்டாவது முறையும் கிளம்பாதபோது அம்மா இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டார்.

"உன்ன பெத்து எடுக்கறதுக்குக்கூட நான் இவ்ளோ முக்கலடி."

ஒன்பதாவது முறை இன்ஜின் பிடித்தது. நான் பயத்தில் பிரேக்கை மிதிக்க மறந்து களத்தைத் தாண்டி வரப்பில் போய் விழுந்தேன். அடி இல்லை. அம்மா ஓடி வந்து முதலில் வண்டியைத்தான் தூக்கினார். அது அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த ஆறு நாளும் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் களத்தையே சுற்றினேன். இன்ஷூரன்ஸும் புகைச் சான்றிதழும் எடுத்தேன். கடைசி இரண்டு நாள் உத்திரமேரூர் வரை போய் வந்தேன்.

திங்கள் காலை 6.50க்குக் கிளம்பினேன். 9.30க்குத் தாமல் ஏரிக்கரையில் இருக்க வேண்டும். உத்திரமேரூர் பெட்ரோல் பங்கில் நின்றபோது மணி 7.20.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அப்பா ஒருநாளும் டேங்கை நிரப்பியதில்லை. பெட்டிக்கடையில் பாட்டிலில் விற்கும் அரை லிட்டர், இல்லாவிட்டால் பங்கில் ஐம்பது ரூபாய்க்கு. எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான். அன்றன்றைக்குக் கூலி, அன்றன்றைக்குப் பெட்ரோல். சின்ன வயதில் அப்பாவின் பின்னால் உட்கார்ந்து இதே பங்குக்கு வந்திருக்கிறேன். ஐம்பது ரூபாய்க்கு என்று அப்பா சொன்னதும், "இன்னா நைனா, வண்டி மோந்து பாக்கறதுக்கா?" என்று பெட்ரோல் போடுபவர் கேட்டார். அப்பா சிரித்தார். நான் அப்பாவின் சட்டைக் காலருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அதனால் அன்று "ஃபுல்" என்றேன். சத்தம் வரவில்லை. எவ்வளவு என்று மறுபடி கேட்டார்கள். "ஃபுல்லா போடுங்க" என்றேன். ஒன்பது லிட்டர், 915 ரூபாய். அம்மா தந்த பணம். வண்டி கனமாகி, சாலையில் நன்றாக உட்கார்ந்து போவதுபோல் இருந்தது.

திருப்புலிவனம் தாண்டியதும் சாலையின் ஒரு பாதியில் நெல் காயவைத்திருந்தார்கள். வைக்கோல் கிடந்த இடங்களில் டயர் வழுக்கும். பிரேக் தொடாமல், கியரைக் குறைத்து, நேராகப் போய்விடுங்கள். முப்பத்தைந்துக்கு மேல் நான் போகவில்லை. வெங்கச்சேரியில் செய்யாற்றைக் கடந்தபோது மணி 8.05. மாகரலுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி இரண்டு முறை இழுத்தது, இருமியது, அணைந்தது. கிக்கரை இருபது முறைக்கு மேல் உதைத்தேன். ஒன்றுமில்லை.

வேட்டி கட்டிய ஒருவர் தன் வண்டியை நிறுத்தி, நகரும்மா என்று சொல்லி அவரும் உதைத்தார். பெட்ரோல் இருக்கிறதா என்று கேட்டார். நிறைய இருக்கிறது என்றேன். அப்படியானால் இன்ஜின் போயிற்று, டாட்டா ஏஸில் ஏற்றிக்கொண்டு போ என்று சொல்லிவிட்டுப் போனார். மணி 8.30. வண்டியை அங்கேயே போட்டுவிட்டுப் பேருந்தில் போகலாம். ஆனால் வண்டி இல்லாமல் போய் நின்று என்ன பயன்? சும்மா நிற்கவும் முடியவில்லை. சாலையில் பத்தடி முன்னால் நடந்தேன், பத்தடி திரும்பி வந்தேன்.

சாலையோரம் காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த ஒரு அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாத்துக்கு அங்கயும் இங்கயும் நடந்துக்கினு கீற? நெல்லு மேல மிதிக்காத."

"வண்டி நின்னுபோச்சிக்கா."

"உனக்கு ரிப்பேர் தெரியுமா?"

"கொஞ்சம்."

"அப்போ ஒக்காந்து பாரு. நடந்தா ரிப்பேர் ஆயிடுமா?"

மெக்கானிக் அண்ணனுக்குப் போன் செய்தேன். எப்போதும் டீ நேரத்தில்தான் பேசுவார். அன்று முதல் மணியிலேயே எடுத்தார். எவ்வளவு பெட்ரோல் போட்டாய் என்று கேட்டார். ஃபுல் என்றேன்.

"யாரு உன்ன ஃபுல் போடச் சொன்னது? அந்த டேங்கோட மேல் பாதி பெட்ரோலையே பாத்ததில்ல. பூரா துரு புடிச்சி கெடந்திருக்கும். இப்போ அல்லாத்தையும் கழுவி கீழ எறக்கி வுட்டுட்ட."

அடுத்து, பெட்ரோல் டேப்பின் குமிழ் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டார். பார்த்தேன். ரிசர்வில் இருந்தது. அது எப்போதும் ரிசர்வில்தான் இருக்கும். அரை லிட்டர் மட்டுமே கிடக்கும் டேங்கில் வேறு எப்படி ஓட்டுவது? அப்பா அதைத் திருப்பி நான் பார்த்ததே இல்லை. அதுதான் அதன் இடம் என்று நினைத்திருந்தேன். ரிசர்வ் என்றால் டேங்கின் அடிமட்டத்திலிருந்து பெட்ரோல் எடுக்கும், துருவும் அங்கேதான் வந்து தேங்கும் என்று விளக்கினார். ஆன் பக்கம் திருப்பினால் உள்ளே உயரமாக நிற்கும் குழாய் வழியாக, மேலே இருக்கும் பெட்ரோல் வரும். கார்புரேட்டரைக் கழுவி, ஆனில் போட்டு ஓட்டச் சொன்னார்.

மேடத்துக்கு மூன்று முறை எழுதி அழித்து, "வண்டி நின்றுவிட்டது, சரிசெய்து வருகிறேன், தாமதமாகும்" என்று அனுப்பினேன். "11 வரை கரையில் இருப்பேன்" என்று பதில் வந்தது.

பத்து வருடத்துக்கு மேலாக அசையாத குமிழை, கொண்டுவந்த குறடு போட்டுத் திருப்பி டேப்பை மூடினேன். கிண்ணத்தின் ஸ்க்ரூக்களைக் கழற்றி என் செருப்புக்குள் போட்டேன், உருண்டு நெல்லில் விழுந்தால் தேட முடியாது. கிண்ணத்தில் பெட்ரோல் காபி நிறத்தில் இருந்தது. அக்கா தந்த காலி பாட்டிலில் அதை வடித்தேன். ஜெட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓட்டையே தெரியவில்லை. ஊதினேன். வாயெல்லாம் பெட்ரோல். கம்பி விட்டு, மறுபடி ஊதி, வானம் ஒரு புள்ளியாகத் தெரிந்த பிறகு மாட்டினேன்.  குமிழை ஆன் பக்கம் திருப்பினேன். நான்காவது உதையில் வண்டி எடுத்தது. மணி 9.20. அக்கா, போ போ என்று கையால் விரட்டினார்.

ஓரிக்கையில் பாலாற்றுப் பாலம் 9.45. காஞ்சிபுரத்துக்குள் இரண்டு முறை வழி தவறினேன். யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டுச் சுற்றியதில் இருபது நிமிடம் போயிற்று. அதை நீங்கள் செய்ய வேண்டாம். பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரிகள் பக்கத்தில் போனால் வண்டி ஆடும்; இடது ஓரத்திலேயே போங்கள். தாமல் கரையில் ஏறியபோது 10.40. ஏரி கண்ணுக்கு எட்டியவரை நிரம்பியிருந்தது.

மேடம் நாற்பது வயதுக்காரர், தொப்பி போட்டிருந்தார். வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தண்ணீர் மாதிரி எடுக்கும் பாட்டில் ஒன்றை நீட்டி, மதகுப் பக்கம் இறங்கித் தண்ணீர் எடுக்கச் சொன்னார். கையை நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டேன். தாமதமாக வந்ததே தவறு. இதையும் சொன்னால் அவ்வளவுதான் என்று தெரிந்தது. ஆனால் அந்தக் கையால் தொட்டால் எடுக்கும் தண்ணீர் பரிசோதனைக்கு ஆகாது.

"கையில பெட்ரோல் இருக்கு மேடம். சோப்புப் போட்டாலும் இன்னைக்குப் போகாது. நான் எடுத்தா ரிசல்ட் தப்பா வரும்."

அவர் பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொண்டு தானே இறங்கி எடுத்தார். கரையில் நின்ற எனக்கு, வழியில் வண்டி எடுத்ததுமே வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கலாம் என்று தோன்றியது. மேலே வந்ததும் ஐஸ் பெட்டியைக் காட்டினார். அதில் காலை 7.30க்கு எடுத்த மாதிரிகள் இருந்தன. ஆறு மணி நேரத்துக்குள், அதாவது 1.30க்குள் காஞ்சிபுரம் ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும். அவருக்கு இன்னும் மூன்று போர்வெல் பாக்கி.

"நீ இத எடுத்துட்டுப் போனா நான் இங்க முடிச்சிடுவேன். வண்டி மறுபடி நிக்குமா?"

"நிக்கலாம் மேடம். டேங்க்ல துரு இருக்கு. நின்னா கழட்டி மாட்ட அரை மணி நேரம் ஆகும். இப்போ பதினொண்ணு. ரெண்டு தடவ நின்னாக்கூட ஒன்றரைக்குள்ள போயிடுவேன். மூணாவது தடவ நின்னா ஆட்டோ புடிச்சிடுவேன்."

அவர் சிரிக்கவில்லை. பெட்டியை என் வண்டி கேரியரில் வைத்து, தானே கயிறு கட்டினார்.

நெடுஞ்சாலையில் வெள்ளை கேட் என்ற நிறுத்தம் அருகே வண்டி ஒருமுறை நின்றது. பெட்டியை வேப்பமர நிழலில் இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தேன். இந்தமுறை இருபத்திரண்டு நிமிடம்தான். ஆய்வகத்தில் 12.25க்குக் கையெழுத்து வாங்கினேன்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியவை. பல வருடம் கொஞ்சம் கொஞ்சமாகவே பெட்ரோல் போட்டு ஓட்டிய வண்டி என்றால், டேங்கைத் தனியாகக் கழற்றி, உள்ளே கழுவி, மேல் சுவரையும் பார்த்த பிறகே நிரப்புங்கள். டேப் ஆனில் இருக்கட்டும். பத்தாம் நம்பர் ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், பிளக் ஸ்பேனர், குறடு, செம்புக் கம்பி, காலி பாட்டில், கையுறை ஆகியவை இல்லாமல் கிளம்ப வேண்டாம். கடைசி இரண்டும் நான் அன்று எடுத்துப் போகாதவை. எங்கள் ஊரிலிருந்து தாமல் வரை 51 கிலோமீட்டர். பழகியவருக்கு ஒன்றரை மணி நேரம், எனக்கு மூன்று மணி ஐம்பது நிமிடம். தெரியாத வண்டியை நம்பிப் போகிறவர் இரண்டு மணி நேரம் முன்னதாகக் கிளம்புவது நல்லது.

மாலை வீட்டுக்கு வந்து சேரும்வரை வண்டி நிற்கவில்லை. வேலை உண்டா இல்லையா என்று மேடம் சொல்லவே இல்லை. சாப்பிட உட்கார்ந்தேன், எழுந்தேன், வாசலுக்குப் போனேன், வந்தேன். சும்மா உட்காருடி என்றார் அம்மா. ஏழு மணிக்கு மெசேஜ் வந்தது: "நாளை 8.30, கூரம் குளம். கையுறை போட்டு வண்டி ஓட்டவும்."