கிறீன்லாந்துக்குப் போன பெக்கோ

டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோ நகருக்கு வெளியே, கட்டட இயந்திரங்கள் திருத்தும் பட்டறையில் எனக்கு வேலை. ஒரு கோடை முடிவில், கிறீன்லாந்தின் சிற்றூர் ஒன்றுக்குப் போகவிருந்த, மண் தோண்டும் பெக்கோ ஒன்றைக் கடுங்குளிருக்குத் தயார் செய்தோம். குளிரில் இறுகாத எண்ணெய் விட்டு, பெரிய பற்றறி வைத்து, எஞ்சினுக்கு ஹீற்றர் பூட்டினோம்.

அந்த ஊரில் அதை ஓட்டப்போகிறவரே பார்க்க வந்திருந்தார். “நடுக் குளிர்காலத்தில் முதல் தரமே ஸ்டார்ட் ஆகுமா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்குச் சினம் வந்துவிட்டது. குளிர்காலத்தில் அப்படி என்ன அவசரம் என்று டேனிஷில் கேட்டேன்.

நிலம் கல்லாகிவிடுமாம். அதனால் குளிர்காலத்தில் சாகக்கூடியவர்களை உத்தேசித்து, முன்கூட்டியே குழிகளை வெட்டிவிடுவார்களாம். அவை போதாமல் போனால்தான் பெக்கோவை எடுப்பார்களாம்.

“போன வருஷம் அம்மாவையும் நினைத்துத்தான் வெட்டினேன்,” என்றார். “அம்மா இருக்கிறா. அந்தக் குழிக்குள் தம்பி போனான்.”

என்னோடு வேலைசெய்யும் யாழ்ப்பாணத்துக்காரர் அந்நேரம் பெக்கோவில் ஏறித் திறப்பைத் திருப்பினார். “அண்ணை, தொட்ட உடன பிடிச்சிட்டுது!” என்று கத்தினார்.

“நிப்பாட்டு,” என்றேன்.

பட்டறையை விட்டு எந்த இயந்திரம் போனாலும், நல்லா உழைக்கட்டும் என்று சக்கரத்துக்கடியில் தேசிக்காய் வைப்பது என் வழக்கம். அன்று தேசிக்காய் என் சட்டைப் பைக்குள்ளேயே கிடந்தது.

இப்போதும் உறைபனி மூடிய காலையில் என் காரை ஸ்டார்ட் செய்யும்போது, அங்கே அந்தப் பெக்கோவும் ஸ்டார்ட் ஆகியிருக்குமோ என்று நினைப்பேன். எடுத்தால் ஆகும். பூட்டினவன் நான்தானே.