வடதீவின் வெளிச்சவீடு

றம்ஸானுக்குத் திக்குவாய். திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துவரும் படகில் வேலை. கடைக்குப் போனால் வேண்டிய சாமானை விரலால் காட்டி வாங்கிவந்துவிடுவார்.

ஒரு மாரி காலத்தில், கைபேசியில் அலைநாட்டைக் கண்டார். எங்குமில்லாத நாடு அது. உலகெங்கும் சிதறிக் கிடந்த தமிழர் சிலர் பொழுதுபோக்காக இணையத்தில் கட்டிய முடியாட்சி. வரைபடம், அரசி, பாராளுமன்றம் எல்லாம் இருந்தன. விவாதம் எழுத்தில் நடந்தது. எழுத்தில் றம்ஸானுக்குத் திக்கவில்லை. தேர்தலில் நின்று, அந்த வரைபடத்தில் நாலே வீடுகள் கொண்ட வடதீவின் உறுப்பினரானார்.

அதன்பின் கொட்டியாரக் குடாவில் பனி இறங்கும் காலைகளில், அப்பால் மங்கலாகத் தெரிவது அக்கரையிலுள்ள மூதூரா, வடதீவா என்று அவருக்கு ஒரு கணம் தடுமாறும்.

"ஆரோட இவ்வளவு எழுதுறீங்க?" என்றாள் மனைவி லைலா.

"பா... பாராளுமன்றத்தோட."

அவள் சிரித்தாள். ஆனால் ஒவ்வொரு மாலையும் சபையில் என்ன நடந்தது என்று கேட்கத் தொடங்கினாள்.

வடதீவுக்கு வெளிச்சவீடு வேண்டும் என்று அவர் மசோதா கொண்டுவந்தார். "நாலு வீட்டுக்கு ஒரு வெளிச்சவீடா?" என்று எழுதினார் நிதியமைச்சர். தவணையின் கடைசி அமர்வைக் குரலில் நடத்துவதென்று சபை முடிவெடுத்தது. றம்ஸான் கைபேசியை அணைத்து வைத்தார்.

"நீங்க போகாட்டி அந்த நாலு வீட்டுக்கும் ஆர் கதைக்கிறது?" என்றாள் லைலா.

போனார். முறை வந்ததும், "க... க..." என்று நின்றுபோனார். யாரோ, "கடலா?" என்று எடுத்துக் கொடுத்தார்.

"உறுப்பினர் தன்ர சொல்லைத் தானே சொல்லட்டும்," என்றார் சபாநாயகர் சோமசேகரம். "சபை காத்திருக்கும்."

காத்திருந்தது. எந்த நாட்டிலோ ஒரு நாய் குரைப்பது கேட்டது.

"க... கரை தெரியாம வாறவனுக்குத்தான் வெளிச்சம். வீ... வீட்டை எண்ணியா வைக்கிறது?"

மசோதா நிறைவேறியது. அரசி நிவேதிகா, நிஜத்தில் கந்தளாய் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்பவள். சபையில் பேச அவளுக்கு உரிமையில்லை, கையொப்பமிட மட்டுமே. இட்டாள். வரைபடத்தின் வடமூலையில் சின்னதாக ஒரு மஞ்சள் புள்ளி தோன்றியது. றம்ஸான் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாராளுமன்றம் கலைந்தது. மறுபடி தேர்தலில் நிற்கச் சொல்லிப் பலர் கேட்டார்கள். அவர் நிற்கவில்லை.

"ஏன்?" என்றாள் லைலா.

"சொல்ல இருந்ததைச் சொ... சொல்லிட்டன்."

மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசத் தொடங்கிய ஒரு மாலை, இருவரும் கடற்கரையில் இருந்தார்கள். அலைநாட்டின் ஆறுகளை, ஊர்களை, அங்கே மழை எந்தப் பக்கமிருந்து வரும் என்பதையெல்லாம் அவர் வாயாலேயே சொன்னார். நெடுநேரம் எடுத்தது. லைலா இடையில் ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்கவில்லை.