பேசுறதுக்கு ஆளில்லாத மலைக்கு என் மகன் போனது

எண்பத்தாறாம் வருஷம் தை மாசம், நவரைப் பட்டத்து நெல் நடவு மும்முரமாக நடக்கும்போது காஷ்மீர்ப் பக்கத்திலிருந்து பட்டாளத்தில் இருந்த என் மகன் தாவீதின் கடுதாசி வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். "அம்மா, பனிமலை மேல காவலுக்குப் போட்டுட்டாங்க. மொத்தம் நாலே பேரு. தமிழ் தெரிஞ்சவன் ஒருத்தனும் இல்ல, பேச்சுத் துணையே இல்ல. புத்தி கலங்கிடும்போல இருக்குது. இனிமே மூணு மாசம் கடுதாசி வராது."

கடுதாசி நனைந்துபோனது. கைச் சேறு பாதி, கண்ணீர் பாதி.

என் மகன் வாயாடி. தூக்கத்தில்கூடப் பேசுவான். விழுப்புரத்தில் ரயில் ஏற்றினபோது, வண்டி நகர்வதற்குள் பெட்டியில் இருந்தவங்க ஊரெல்லாம் விசாரித்துவிட்டான். அவனைப் போய் அங்கேயா போடுவாங்க?

எனக்குப் புரியவே இல்லை. திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் முப்பது பொம்பளைங்களை வைத்து நடவு நடத்தினவள் நான். வாயாடியை வரிசை நடுவில் விடுவேன், மற்றவங்களுக்குக் களைப்புத் தெரியாது. உம்மணாமூஞ்சியை வரப்போரம் நிறுத்துவேன். ஒரு ஏக்கர் நடவுக்கே குணம் பார்க்கிறோமே, தேசத்துக் காவலுக்குப் பார்க்கமாட்டாங்களா?

போதகர் சம்சாரத்திடம் ஓடினேன். "அம்மா, பட்டாளத்து ஆபீசருக்கு ஒரு லெட்டர் எழுதுங்க. எம்புள்ள தனியா இருக்கமாட்டான், கூட்டமா இருக்கிற எடத்துல போடுங்கன்னு."

எழுதினார். மடித்துக் கொடுக்கும்போது சிரித்தார். "சலோமியம்மா, ஒருத்தியோட அம்மா வந்து 'எம்பொண்ண வரப்போரம் நிறுத்தாத'ன்னா கேப்பீங்களா?"

"வெரட்டியிருப்பேன்!"

சொல்லிவிட்டேன். அப்புறம் அந்த லெட்டரை எந்த முகத்தோடு தபாலில் போடுவது? வேதப்புத்தகத்துக்குள் வைத்துவிட்டு முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, ஏன் இங்க நிறுத்தினன்னு நடவாளு கேட்டா எனக்குக் கோவம் வரும். ஆனா நான் உம்மைக் கேக்குறேன். அவனை ஏன் அங்க நிறுத்தினீர்? புத்தி கலங்காம திருப்பிக் கொடும்." புதன்கிழமைதோறும் உபவாசம் இருந்தேன். ஒரு சேதியும் இல்லை.

பங்குனிக் கடைசியில் வாசலில் வந்து நின்றான். கறுத்து இளைத்திருந்தான். வாய் மட்டும் அப்படியே.

"நானும் ஒரு பீகார்க்காரனும் பனிப்புயல்ல ரெண்டு நாள் மாட்டிக்கினோம்மா. அவனுக்கு ஒடம்பு வெறச்சிக்கினே போச்சி. தூங்கினா எழுந்திருக்க மாட்டான். நான் பேசிக்கினே இருந்தேன்."

"இந்தியிலயா?"

"எனக்குத் தெரிஞ்ச இந்தி ஒரு மணி நேரத்துல தீந்துபோச்சி. அப்புறம் தமிழ்தான். நீ நடவுல திட்டுவியே, அதெல்லாம். 'வாய மூடுடா'ன்னு என்னைத் திட்டணும்னே முழிச்சிக்கினு இருந்தான்."

"பொழச்சிக்கினானா?"

"எங்கூடதான் ரயில் ஏறினான். டெல்லி வரைக்கும் பேசமாட்டேன்னு சத்தியம் வாங்கிக்கினான்."

சிரித்தேன். அழுதேன். அப்புறமும் மனசு கேட்கவில்லை. "நீ வாயாடின்னு தெரிஞ்சிதான் அனுப்பினாங்களா?"

"பட்டியல்ல பேரு வந்திச்சிம்மா. அவ்ளோதான்."

குணம் பார்த்துத்தான் ஆளை நிறுத்தணும். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் எந்தக் குணம் எங்கே உதவும் என்று எனக்கே முழுசாகத் தெரியவில்லையே! பட்டியல் எழுதினவருக்குத் தெரியாதது என் ஆண்டவருக்குத் தெரிந்திருந்தது. யாரோ ஒரு பீகார்த் தாய்க்கும் பிள்ளை திரும்பக் கிடைத்தான். அவருக்கே ஸ்தோத்திரம்.

அடுத்த நடவில், பத்து வருஷமாக வரப்போரமே நிறுத்தியிருந்த உம்மணாமூஞ்சியை நடுவில் இறக்கினேன். என்னமாய்ப் பாடினாள் தெரியுமா!

உங்க பிள்ளையும் எங்கேயோ தப்பான இடத்தில் நிற்கிறதாக நெஞ்சு அடித்துக்கொண்டால், ஏன் என்று ஆண்டவரிடமே கேளுங்க. கேட்டால் விரட்டுறவள் நான்தான். அவர் விரட்டமாட்டார்.