சம்பவம் ராவுத்தர்

பேனாவை மைக்கூட்டில் தோய்த்து, விளிம்பில் மூன்று முறை தட்டி, எழுதப்போகும் சொல்லை முதலில் உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்க்கிறார் முகைதீன் பிச்சை ராவுத்தர். பிடிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு இன்னொரு சொல்லைத் தேடுகிறார். "சீக்கிரம் எழுதுங்க ராவுத்தரே, வண்டிக்கு நேரமாச்சு" என்று எதிரே குந்தியிருப்பவர் அவசரப்படுத்தினால், "இருப்பா. இந்த வண்டி போனா அடுத்த வண்டி வரும். தப்பா ஒரு சொல்லு கோர்ட்டுக் கச்சேரிக்குள்ள போச்சுன்னா நான் ஓடிப்போயா பிடிக்க முடியும்?" என்பார்.

மதுரையில் மாஜிஸ்திரேட் கச்சேரிக்கு வெளியே, புங்க மரத்தடியில் மனு எழுதிப் பிழைக்கிறார். வெற்றிலை கிடையாது, பொடி கிடையாது. ஒரே கெட்ட பழக்கம் வறுத்த பட்டாணி. சொல் கிடைக்காதபோதெல்லாம் சட்டைப் பையிலிருந்து ஒன்று வாய்க்குள் போகும். சிக்கலான மனு என்றால் பை காலி.

அடிதடி, கைகலப்பு, வாய்க்கால் தகராறு எதுவானாலும் அவர் மனுவில் அது 'சம்பவம்'. பேயாண்டி என்ற ஒருவனின் மண்டை உடைந்ததும் சம்பவம்தான். உடைத்தவனுக்கு எழுதிய மனுவிலும் அதே சம்பவம்தான். "ரெண்டு பேரும் எங்கிட்டத்தானே வாரான்? நான் யாரு பக்கம் பேசுறது?" வீட்டிலும் இதே பாஷை. கோபத்தில் மனைவி மெஹருன்னிசா குழம்புச் சட்டியைப் போட்டு உடைத்தாள் என்றால், மறுநாள் "நேத்து நடந்த சம்பவத்தைப் பத்தி..." என்று மெதுவாகத் தொடங்குவார். "சம்பவமாம்ல! நான்தான் உடைச்சேன். வாயத் தொறந்து சொல்லுங்களேன்!" என்பாள் அந்த அம்மாள். பக்கத்தில் மனு எழுதும் விருமாண்டி வைத்ததுதான் 'சம்பவம் ராவுத்தர்' என்ற பெயர்.

நாற்பத்திரண்டு ஆகஸ்டில் அந்தச் சொல்லுக்குச் சோதனை வந்தது. தலைவர்களைச் சிறைபிடித்த செய்தி கேட்டு ஊர் கொதித்தது; கூட்டம் கூடியது; போலீசார் சுட்டார்கள். சர்க்கார் அதைக் கலகம் என்றது. கதர்ச் சட்டைக்காரர்கள் புரட்சி என்றார்கள். அதில் காயம்பட்ட ஆண்டிச்சாமி என்பவனுக்காக 'போலீசார் சுட்டதில்' என்று ராவுத்தர் எழுதிய மனு இரண்டாகக் கிழிந்து திரும்பி வந்தது. மறுபடி இப்படி எழுதினால் மனு எழுதும் லைசென்சு பறிபோகும் என்று தலைமைக் குமாஸ்தா சொல்லி அனுப்பினார். வீட்டில் கலியாணத்துக்கு மூன்று பெண்கள்.

அடுத்த வாரமே, இடுப்பில் கைக்குழந்தையோடு வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து தங்கப்பொண்ணு வந்து நின்றாள். அவள் கணவன் சின்னான் வைக்கோல் பாரம் ஏற்றி வந்தவன். கூட்டத்தில் அகப்பட்டு, காலில் குண்டு பாய்ந்து, கலகக்காரன் என்ற பெயரோடு ஆஸ்பத்திரியில் போலீஸ் காவலில் கிடக்கிறான். புண் ஆறியதும் ஜெயில். அவனை விட்டுவிடும்படி மனு எழுதவேண்டும்.

கலகம் என்று எழுதினால் பெண்டாட்டியே அவனைக் காட்டிக்கொடுத்ததாகும். சுட்டார்கள் என்று எழுதினால் மனுவும் போகும், லைசென்சும் போகும். பட்டாணி வெகுவாகக் குறைந்தது. எழுதி முடித்து, வழக்கம்போல் உரக்கப் படித்தார்: "மேற்படி தேதியில் நடந்த சம்பவத்தில் என் புருஷனுக்குக் காலில் காயம் ஏற்பட்டு..."

கைநாட்டு வைக்க அவர் நகர்த்திய மைப் பெட்டியைத் தங்கப்பொண்ணு தொடவில்லை.

"ஏற்பட்டுச்சா? தானாவா ராவுத்தரே? குண்டு என்ன கோடை மழையா, மேலருந்து விழுகுறதுக்கு?"

"மெல்லப் பேசு தாயி. சுட்டாங்கன்னு எழுதினா உன் ஆளு வெளிய வரமாட்டான்."

"ஆயுசுக்கும் கால இழுத்துக்கிட்டு நடக்கப்போற மனுசன். எதனாலன்னு இந்தப் பிள்ளை கேட்டா, சம்பவம்னு சொல்லவா? பயந்து ஓடுனவரு அவரு. பின்னாலருந்து கெண்டைக்கால்ல பாஞ்சு முன்னால வந்திருக்கு. அந்தக் காயத்த நான் கண்ணால பாத்தேன்."

ராவுத்தர் மெல்லுவதை நிறுத்தினார். "பின்னாலருந்தா? டாக்டர் அப்படி எழுதி வச்சிருக்காரா?"

"ஆஸ்பத்திரிச் சீட்டுல இருக்காம். கம்பவுண்டரு படிச்சுச் சொன்னாரு."

அவர் வேறு காகிதம் எடுத்தார். இந்தத் தடவை பேனா எங்கும் நிற்கவில்லை. முடித்து உரக்கப் படித்தார்: "மேற்படி சம்பவத்தில், பயந்து ஓடிக்கொண்டிருந்த என் புருஷன் சின்னானின் இடது கெண்டைக்காலில் துப்பாக்கிக் குண்டு ஒன்று பின்புறம் நுழைந்து முன்புறம் வெளியேறியது. ஆஸ்பத்திரிச் சீட்டே சாட்சி."

தங்கப்பொண்ணு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கட்டைவிரலை மையில் அழுத்தினாள்.

எட்டிப் பார்த்த விருமாண்டி காதோரம் கிசுகிசுத்தார். "அண்ணே, இதுக்கு அந்தக் கிழிஞ்ச மனுவே தேவலையே! லைசென்சு என்னாகுறது?"

"சம்பவம்னுதானே மாப்ள எழுதியிருக்கேன்?"

சொல்லிக்கொண்டே கீழே தம் முழுப்பெயரையும் லைசென்சு நம்பரையும் எழுதினார். குழந்தையோடு மர நிழலிலேயே இருக்கும்படி தங்கப்பொண்ணுக்குக் கை காட்டிவிட்டு எழுந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ஈரம் காயாத மனுவை இரண்டு கைகளிலும் ஏந்தியபடி, உச்சி வெயிலில் மனு கொடுக்க நீண்டிருந்த வரிசையின் கடைசியில் போய் நின்றார்.