எனெலெஸ் அடுக்கிய பெட்டி

ஏரிக்கரையில் இருந்த அந்தக் குழந்தைகள் வார்டில் காலி மருந்துப் பெட்டியைக்கூடத் தூக்கி எறியமாட்டார்கள். வேறு எதையாவது போட்டு வைக்க உதவும். பத்தொன்பது வருடமாக நர்ஸ் எனெலெஸின் பழக்கமும் அதுதான்.

மூளை வீங்கிய ஒரு பிள்ளைக்காகக் கடும் உப்புக் கரைசல் குப்பிகள் வார்டுக்கு வந்திருந்தன. இரண்டு பேர் படித்துப் பார்த்து, அளந்து கலந்து, மெதுவாக ஏற்றவேண்டிய மருந்து. மிச்சம் மருந்தறைக்கே திரும்பிப் போய்ப் பூட்டுக்குள் இருக்கவேண்டும். வியாழக்கிழமை மாலை மருந்தறை மூடிவிட்டது; மறுநாள் ஆய்வுக்கு ஆட்கள் வருகிறார்கள். மேசையில் உதிரியாகக் கிடக்கக் கூடாதே என்று எனெலெஸ் மிச்சக் குப்பிகளை ஒரு காலிப் பெட்டியில் அடுக்கினாள். பிள்ளைகளின் கையில் செருகிய ஊசிக்குழாய் அடைக்காமலிருக்க உள்ளே செலுத்திக் கழுவும் சாதா உப்புநீர் வந்த பெட்டி அது. ஆய்வு நடந்த அமளியில் அதை மறந்துபோனாள்.

சனிக்கிழமை காலை ஜஃபாலிக்கு மருந்து ஏற்றிவிட்டு, குழாயைக் கழுவ அந்தப் பெட்டிக்குள் கைவிட்டாள். தினமும் எடுக்கிற பெட்டிதான். குப்பியைத் திருப்பிப் படிக்காமலே ஏற்றினாள். மலேரியா தணிந்து, கஞ்சி கேட்டு அழுதுகொண்டிருந்த மூன்று வயதுப் பையன். சிறிது நேரத்தில் வலிப்பு வந்தது. மதியத்துக்குள் போய்விட்டான்.

"தாய்க்காரிகிட்ட மலேரியான்னே சொல்லிடு," என்றார் தலைமை நர்ஸ், எனெலெஸ் கொண்டுவந்து காட்டிய காலிக் குப்பியைப் படித்துவிட்டு. "வார்டு அலமாரிக்குப் பூட்டு கேட்டு மூணு கடுதாசி போட்டேன். ஒருத்தன் பதில் போடல. இப்ப மட்டும் உன்னைத் தூக்குல போட ஓடி வருவானுங்க."

"அவனுக்குக் காய்ச்சல் விட்டிருச்சு, மேடம்."

"அது உனக்கும் எனக்கும்தான் தெரியும்."

வெளியே, பையனின் தாய் அசியாத்து கஞ்சிப் பானையைத் துணியில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்கக்கா. உங்க மேல குறையில்ல. அல்லா கொடுத்தான், எடுத்துக்கிட்டான்."

தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். எனெலெஸ் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அல்லா எடுக்கல, தங்கச்சி. நான்தான் குப்பியை மாத்தி ஏத்திட்டேன். கடும் உப்பு. ரத்தத்துல கலந்தா தாங்காது."

"உப்பா?"

அசியாத்து பானையைக் கீழே வைத்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று எனெலெஸ் காத்திருந்தாள்.

"ஊசி போடுறப்போ எரியுதுன்னு துள்ளினான்," என்றாள் அசியாத்து. "கையைப் புடிம்மான்னு சொன்னீங்க. அசையாம அமுக்கிப் புடிச்சது நானில்லயாக்கா."